கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போடுவோம்

"இனிமேல் நீங்கள் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை, நீங்களே சிறு முதலாளிகள்." தோட்டத்துக்குத் தோட்டம் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. மலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று தருவார்களாம். புல் வெட்டி, உரம் போட்டு, கொழுந்தெடுத்து, கிலோக் கணக்கில் கம்பனிக்கே கொடுக்க வேண்டுமாம். ஒரு தோட்டத்தில் இதற்கு வருமானப் பங்கீடு என்று பெயர், இன்னொரு தோட்டத்தில் வெளியார் உற்பத்தி முறை என்று பெயர். லயத்தில் நம் ஆட்கள் 'செடி பிரிச்சுக் குடுக்கிறது' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: நாட்சம்பளம் போய், அந்த இடத்தில் வியாபாரம் வருகிறது.

தொழிலாளி முன்னேறக் கூடாது என்று எந்தத் தொழிற்சங்கமும் சொல்லாது. காலையில் பிரட்டுக்கு ஓடாமல், கங்காணியின் அதட்டலைக் கேட்காமல், தன் நேரத்துக்குத் தன் மலைக்குப் போய்வர யாருக்குத்தான் ஆசையில்லை? இந்த நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் கூடுதலாகத் தருபவர்கள் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள்தான். அவர்களால் முடிவது நம்மாலும் முடியும். தேயிலையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் அதை வியாபாரமாகவே பார்க்க வேண்டும். கடை போடுகிற ஒருவர் முதலில் என்ன செய்வார்? என்ன செலவு, என்ன வரவு, எத்தனை நாள் உழைப்பு, நட்டம் வந்தால் யார் தலையில் என்று பார்ப்பார். பிறகுதான் கடையின் சாவியை வாங்குவார். நம்மிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறபோது இந்தக் கணக்கை யாரும் நமக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ஆகவே நாமே போடுவோம்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் தோட்டத்தின் செடி, விலை, உரச் செலவு வேறாக இருக்கும். எண்களை மாற்றுங்கள், முறையை மாற்றாதீர்கள்.

ஒரு குடும்பத்துக்கு 3,000 செடி கிடைக்கிறது. வருடத்தில் 1,920 கிலோ பச்சைக் கொழுந்து எடுக்கலாம் என்று வைப்போம். சராசரியாக மாதத்துக்கு 160 கிலோ. கிலோவுக்கு 180 ரூபா கிடைத்தால் வருட வரவு 345,600 ரூபா. துரை சொல்லும் கணக்கு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. "வருடத்துக்கு மூன்றரை இலட்சம்" என்று கேட்கும்போது நமக்கும் கண் விரிகிறது.

இனிச் செலவு. ஈரம், சாக்கு என்று தராசில் 5 வீதம் கழித்தால் 17,280 ரூபா குறையும். உரத்துக்கு 45,000, புல்லுக்கும் மருந்துக்கும் 12,000, கத்தி, சாக்கு, படங்கு, போக்குவரத்து என்று 8,000. எல்லாம் போக மீதி 263,320 ரூபா.

அடுத்தது நாட்கணக்கு. இதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 20 கிலோ எடுத்தால் கொழுந்துக்கு மட்டும் 96 நாள். புல் வெட்ட, உரம் போட, கவ்வாத்து வெட்ட, கான் துப்புரவாக்க இன்னும் 44 நாள் என்று வைப்போம். மொத்தம் 140 ஆள் நாள். 263,320 ரூபாவை 140 ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,880 ரூபா.

இதைச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். சம்பளம் மாறும்போது இந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். சம்பளம் என்பது கையில் வருகிற 1,350 மட்டுமல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், அது 162 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அது 40 ரூபா 50 சதம். இரண்டையும் சேர்த்தால் ஒரு பேருக்கு 1,552 ரூபா 50 சதம்.

1,880 எங்கே, 1,552 எங்கே? இலாபம்தானே என்று தோன்றும். நல்ல வருடத்தில் இலாபம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. செடி பிரித்துக் கொடுத்த இடங்களில் கூடுதலாக உழைத்த குடும்பங்கள் உண்டு. நாம் கேட்பது கெட்ட வருடத்தைப் பற்றி.

மழை பொய்த்துக் கொழுந்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அதாவது 1,536 கிலோ. அதே வருடம் விலையும் 180 இலிருந்து 140 க்கு இறங்குகிறது. தராசுக் கழிவு போக வரவு 204,288 ரூபா. உரம், மருந்து, சாமான் செலவு குறையாது, அதே 65,000. மீதி 139,288. நாட்களும் குறையாது. கொழுந்து குறைவாக இருந்தாலும் மலையைச் சுற்றித்தான் ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். 140 ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு 995 ரூபா கூட இல்லை.

நல்ல வருடமும் கெட்ட வருடமும் மாறி மாறி வந்தால் சராசரி ஏறத்தாழ 1,438 ரூபா. சேமலாப நிதியோடு சேர்த்த சம்பளத்தைவிட அது குறைவு. சேவைக்காலப் பணத்தை இதில் இன்னும் சேர்க்கவில்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேர்ந்துகொண்டே வருகிறது. 1,350 ரூபாப்படி ஒரு வருடத்துக்கு அது 18,900 ரூபா. பிரசவ விடுமுறை, வேலையில் அடிபட்டால் நட்டஈடு ஆகியவையும் இந்தக் கணக்கில் இல்லை. அவை எல்லாம் 'தொழிலாளி' என்ற பெயரோடு ஒட்டியிருப்பவை. 'வியாபாரி' என்று பெயர் மாறினால் அவற்றை யார் தருவது?

நட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

வியாபாரத்தில் ஆபத்தைத் தவிர்க்க முடியாது. எது எப்போது வரும், வந்தால் யார் தாங்குவது என்று முன்கூட்டியே பேசி வைக்கத்தான் முடியும். நம் மலைக்கு வரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வானிலை நமக்குத் தெரிந்தது. மேற்குப் பக்கத் தோட்டங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ச்சல், ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்று. அந்த மாதங்களில் கொழுந்து சுருங்கும், கடைக்கணக்கு சுருங்காது. நாட்சம்பளத்தில் இருந்தால் அப்போது புல்வெட்டு, முள்ளுக்குத்து என்று வேறு வேலைக்குப் பேர் கேட்கலாம். சொந்தச் செடி என்றால் அதே வேலையைச் சும்மா செய்ய வேண்டும்.

விலை நம் கையில் இல்லை. கொழும்பு ஏலத்தில் என்ன விலை போகிறதோ அதிலிருந்துதான் கொழுந்து விலை இறங்கி வருகிறது. ஈராக்கிலோ ரஷ்யாவிலோ துருக்கியிலோ வாங்குகிறவர் கையை இழுத்துக்கொண்டால் இங்கே நம் மலையில் விலை விழும்.

அரசாங்கத்தின் முடிவும் ஓர் ஆபத்துத்தான். 2021 மே மாதம் இரசாயன உரம் இறக்குமதி செய்வதை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் திருப்பி எடுத்தபோது உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியனாக விழுந்தது. அந்த வருடம் நாமெல்லாம் 3,000 செடிக்குச் சொந்தக்காரர்களாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசித்துப் பாருங்கள்.

செடியின் நிலை அடுத்தது. எந்த மலையைப் பிரித்துத் தருகிறார்கள்? கவ்வாத்துக்கு நாளாகிவிட்டதா? செத்த செடி, வெற்றிடம் எவ்வளவு? கவ்வாத்து வெட்டினால் சில மாதம் கொழுந்தே வராது. வெற்றிடத்தில் புதுக்கன்று நட்டால் பலன் வர மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 3,000 செடி என்று தாளில் இருக்கும், மலையில் எண்ணினால் 2,400 இருக்கும். அந்த 600 செடி வித்தியாசத்தில் நம் இலாபம் முழுதும் போய்விடலாம்.

உடம்பு கடைசி. மூன்று மாதம் படுத்துவிட்டால் செடி காத்திருக்காது. கைக்காசுக்கு ஆள் பிடிக்க வேண்டும், அந்தக் கூலியும் நம் செலவு.

ஒரு கம்பனி இந்த ஆபத்துகளைத் தாங்கும். அதற்குப் பல தோட்டங்கள் உண்டு, ஒன்றில் காய்ந்தால் இன்னொன்றில் பெய்யும். வங்கிக் கடன் உண்டு, காப்புறுதி உண்டு. நம்மிடம் இருப்பது அடகுக்கடைக்குப் போய்வருகிற ஒரு சோடித் தோடு. தாங்கக்கூடியவரிடமிருந்து ஆபத்தை எடுத்துத் தாங்க முடியாதவரிடம் கொடுத்துவிட்டு, அதற்குச் சுயதொழில் என்று பெயர் வைக்கிறார்கள். ஆபத்தை நாம் தாங்க வேண்டுமென்றால் விலையில் அதற்குரிய பங்கும் நமக்கு வர வேண்டும்.

சிறு தோட்டக்காரரும் நாமும்

"சிறு தோட்டக்காரர் வாழவில்லையா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அவருக்குக் காணி சொந்தம். காணி இருப்பதால் வங்கியில் கடன் கேட்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஒரு தொழிற்சாலை விலையைக் குறைத்தால் கொழுந்தை அடுத்த தொழிற்சாலைக்குக் கொடுக்கலாம். அவருக்காகச் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபை என்று ஓர் அரச நிறுவனமே இருக்கிறது.

நமக்குத் தருகிற செடி நிற்கும் நிலம் அரசாங்கத்தினுடையது. கம்பனிகளே அதைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன. 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பேற்றன, குத்தகைக் காலம் 2045 வரை. தன்னுடையது அல்லாத நிலத்தைக் கம்பனி நமக்குச் சொந்தமாக்க முடியாது. உழைத்துச் செடியைத் தேற்றிய பிறகு "மலையைத் திருப்பிக் கொடு" என்றால் நம் கையில் என்ன ஆதாரம்? கொழுந்தை வேறு எங்கும் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், வாங்குகிறவரே விலை சொல்பவர், நிறுப்பவர், உரத்துக்குக் கடன் கொடுப்பவர், கடனைக் கழிப்பவர்.

உரத்தை முற்பணமாகத் தந்து கொழுந்தில் கழிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கெட்ட வருடத்தில் கழித்து முடியாத கடன் அடுத்த வருடத்துக்குப் போகும். அதற்கடுத்த வருடத்துக்கும் போகலாம். நம் முன்னோரைக் கடனால் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921 இல். நூறு வருடம் கழித்து அதே கட்டு வேறு கயிற்றில் வரக் கூடாது.

கணக்கில் வராத கைகள்

பாடசாலையில் நிற்கிற எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. மேலே போட்ட கணக்கில் 140 நாள் என்றோம். செடி வீட்டுக்கு என்று வந்துவிட்டால் அந்த நாட்களை யார் வேலை செய்கிறார்கள்? கொழுந்து குவியும் ஏப்ரல், மே மாதங்களில் தாய் தனியாக முடிக்க மாட்டார். பாட்டி வருவார், பத்தாம் வகுப்பில் படிக்கிற மகள் வருவாள், ஐந்தாம் வகுப்புத் தம்பி சாக்கைப் பிடிப்பான். நாட்சம்பளத்தில் பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போனால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. "வீட்டுச் செடிதானே" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் பிள்ளை விடுகிற பாடசாலை நாட்களும் இந்த வியாபாரத்தின் செலவுதான். அதைக் கணக்கில் எழுதாத திட்டம் இலாபமாகத்தான் தெரியும்.

இன்னொன்று, கையெழுத்து யாருடையது? மலையில் வேர்வை சிந்துவது பெரும்பாலும் பெண். தாளில் 'குடும்பத் தலைவர்' என்று கணவரின் பெயர் வந்து, பணமும் அவர் கணக்கில் விழுந்தால், நாட்சம்பளத்தில் தன் பெயரில் இருந்த சம்பளத்தையும் சேமலாப நிதியையும் அந்தப் பெண் ஒரே நாளில் இழக்கிறார். மாதர் அணித் தலைவிகள் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

2021 இல் 1,000 ரூபாச் சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்தோடும் தனித்தனியாகத் தாளில் கையெழுத்து வாங்குவது அவர்களுக்கு வசதி. தனியாளிடம் பேரம் பேசுவது சுலபம் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால் இந்தப் பேச்சு லயத்துக்குள் ஒவ்வொரு வாசலிலும் நடக்கக் கூடாது. தோட்டக் கமிட்டியோடு ஒரே மேசையில் நடக்க வேண்டும். அங்கே வைக்க வேண்டிய நிபந்தனைகள் இவை:

1. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சங்கத்தில். வாசித்துப் பார்க்கக் குறைந்தது இரண்டு வாரம்.

2. கொழுந்து விலை துரையின் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது. சிறு தோட்டக்காரருக்குத் தேயிலை ஆணையாளரின் விலை முறைப்படி விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் போகிறது. நமக்கும் அதே முறை எழுத்தில் வேண்டும். அதைவிடக் குறைத்தால் ஏன் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

3. விலை விழுந்தாலும் ஒரு நாள் உழைப்புக்குச் சட்டப்படியான நாட்சம்பளத்துக்குக் குறையாத அடித்தளம் வேண்டும்.

4. சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம், பிரசவச் சலுகை தொடர வேண்டும். இதுவரை சேர்ந்த சேவைக்காலத்தை உடைக்கும் எந்த வரிக்கும் கையெழுத்து இல்லை.

5. செடியை நாமும் நிர்வாகமும் சேர்ந்து எண்ணி, வெற்றிடத்தையும் கடைசிக் கவ்வாத்துத் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். கவ்வாத்து மாதங்களுக்கு ஈடு வேண்டும்.

6. நிறுக்கும்போது நம் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். கழிவு எத்தனை வீதம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

7. உரக்கடனுக்கு உச்ச எல்லை. காய்ச்சல், வெள்ளம், அரசாங்கத் தடை போன்றவற்றால் விளைச்சல் விழுந்தால் அந்த வருடக் கடனில் கம்பனியும் பங்கு ஏற்க வேண்டும்.

8. உழைக்கும் பெண்ணின் பெயர் ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் இருக்க வேண்டும்.

9. எத்தனை வருடத்துக்கு என்பதும், இடையில் விலகினால் பழைய வேலைக்குத் திரும்பும் உரிமையும் எழுத்தில் வேண்டும்.

இவற்றைக் கேட்டால் "அப்படியானால் திட்டமே வேண்டாம்" என்று நிர்வாகம் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆபத்து நம்முடையதாக இருக்கும் வரை நல்ல திட்டம், பங்கு கேட்டால் வேண்டாத திட்டம் என்றால், அது யாருக்காகப் போட்ட திட்டம் என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு

பயப்பட வேண்டாம், ஆனால் இன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஒரு கொப்பி போதும். தேதி, எத்தனை கிலோ, கழித்தது எவ்வளவு, என்ன விலை, உரத்துக்கு எவ்வளவு, யார் யார் எத்தனை நாள் வேலை செய்தோம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் மாத முடிவில் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்த துண்டுகளை எறியாமல் ஒரு பைக்குள் போட்டு வையுங்கள். நாளைக்குத் தொழில் திணைக்களத்துக்கோ தொழில் நியாய சபைக்கோ போக நேர்ந்தால் நம் வாய்ப்பேச்சைவிட அந்தக் கொப்பி பெரிதாகப் பேசும்.

கொழுந்து கூடும் மாதங்களில் வருகிற காசில் ஒரு பங்கைக் காய்ச்சல் மாதங்களுக்கு ஒதுக்குங்கள். எவ்வளவு என்று கேட்டால், ஒரு தடவை உரம் போடும் செலவும் ஒரு மாதக் கடைக்கணக்கும் கையில் இருந்தால் அடுத்த உரத்துக்குக் கடன் வாங்க வேண்டியிராது. பத்துக் குடும்பம் சேர்ந்தால் உரத்தை மொத்தமாக விலை பேசலாம், ஒருவர் படுத்தால் மற்றவர் செடியைப் பார்க்கலாம், விலையைப் பற்றி ஒரே குரலில் கேட்கலாம். செடி தனித்தனியாகப் பிரிந்தாலும் சங்கம் பிரிய வேண்டியதில்லை.

தோட்டத் தலைவர்களிடம் நாம் கேட்பது ஒன்று. இந்த இதழ் கைக்கு வந்தவுடன் கமிட்டியைக் கூட்டுங்கள். உங்கள் தோட்டத்தில் காட்டப்பட்ட ஒப்பந்தத்தின் பிரதியைக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மேலே உள்ள கணக்கை உங்கள் மலையின் எண்களோடு கரும்பலகையில் எல்லோர் முன்னாலும் போடுங்கள். நல்ல வருடத்துக்கு ஒன்று, கெட்ட வருடத்துக்கு ஒன்று. இரண்டையும் பார்த்த பிறகும் ஒரு குடும்பம் "எங்களுக்குச் சரிவரும்" என்றால் அது அவர்கள் முடிவு, சங்கம் அவர்களோடு நிற்கும். கணக்கைப் பார்க்காமல் ஒருவரும் பேனாவைத் தொடக் கூடாது.